காலை எடுத்த பிறகும் குறையாத வேகம்: ஆக்ஸிலரேட்டர் எங்கே சிக்குகிறது?

கேள்வி: பத்தாண்டுகளுக்கு மேல் பழையதான பெட்ரோல் கார் ஒன்றை ஓட்டி வருகிறேன். மேனுவல் கியர், ஆக்ஸிலரேட்டர் கேபிளால் இயங்குவது. சில வாரங்களாக, நெடுஞ்சாலையில் முன்னால் போகும் வண்டியை முந்திவிட்டுக் காலை எடுத்தால் வேகம் குறைவதில்லை. எஞ்சின் அதே இரைச்சலோடு இழுத்துக்கொண்டே போகிறது. பெடலை ஒருமுறை தட்டினால் சரியாகிவிடுகிறது. வீட்டில் நிறுத்தி வைத்து எத்தனை முறை மிதித்துப் பார்த்தாலும் குறை எதுவும் தெரியவில்லை. ஒரு மெக்கானிக் கேபிளில் எண்ணெய் விட்டார். சில நாள் நன்றாக இருந்து, மறுபடியும் ஆரம்பித்துவிட்டது. இன்னொருவர், எஞ்சினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் வால்வு உள்ள த்ராட்டில் பாடியையே மாற்றச் சொல்கிறார். எதை மாற்றுவது? அதுவரை வண்டியை ஓட்டலாமா?

பதில்: உங்கள் இரண்டாவது கேள்விக்கே முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது: ஓட்டக் கூடாது. பணிமனைக்குக் கொண்டுபோவதாக இருந்தாலும் இழுவை வண்டியில் ஏற்றி அனுப்புவதுதான் முறை. தட்டியவுடன் சரியாகிவிடுவதால் இது சமாளித்துக்கொள்ளக்கூடிய தொல்லை என்று தோன்றலாம். ஆனால் இந்தக் கோளாறு ஒரே அளவில் நிற்பதில்லை. இன்று ஒரு தட்டில் விடுபடுவது, கேபிளில் இன்னும் ஓர் இழை அறுந்த பிறகு எத்தனை தட்டினாலும் விடுபடாமல் போகலாம்.

எந்த வண்டியிலும் முன்னறிவிப்பின்றி வரக்கூடிய ஆபத்து இது என்பதால், அந்தச் சில விநாடிகளில் செய்ய வேண்டியதை உங்கள் வீட்டில் கார் ஓட்டும் எல்லோரும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. மேனுவல் கியர் காரில் கிளட்சை முழுவதும் அழுத்திவிட்டால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடர்பு அந்தக் கணமே அறுந்துவிடும். ஆட்டோமேட்டிக் காரில் கியர் லீவரை நியூட்ரலுக்குத் தள்ள வேண்டும். எஞ்சின் அலறும்; அலறட்டும். எரிபொருள் இன்ஜெக்‌ஷன் உள்ள எஞ்சின்கள் பெரும்பாலானவற்றில் சுழற்சி ஓர் அளவைத் தாண்டினால் எரிபொருளை வெட்டிவிடும் ஏற்பாடு இருக்கிறது. அப்படியே எஞ்சினுக்குச் சேதம் வந்தாலும், அதைப் பற்றிக் கவலைப்படும் நேரம் அதுவல்ல. கூடவே பிரேக்கை ஒரே அழுத்தாக, பலமாக, விடாமல் மிதிக்க வேண்டும். விட்டுவிட்டு மிதிக்கக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு: பெரும்பாலான பெட்ரோல் கார்களில், மிதியின் பலத்தைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டர் வேலை செய்யத் தேவையான வெற்றிடம், எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து வருகிறது; த்ராட்டில் அகலத் திறந்திருக்கும்போது அங்கே வெற்றிடம் அநேகமாக இருக்காது. பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிகளில் தீர்ந்துவிடும். அதன் பிறகு பிரேக் பெடல் கல்லாக இறுகிவிடும். வண்டியைப் பாதுகாப்பாக ஓரம் கட்டிய பிறகே சாவியைத் திருப்பி எஞ்சினை அணைக்க வேண்டும். ஓடும் வண்டியில் சாவியை உருவி எடுத்தால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். அது வேறொரு விபத்துக்கு வழி. பட்டனை அழுத்தி எஞ்சினை இயக்கும் கார்களில், ஓட்டத்தின்போது ஒரு சாதாரண அழுத்தலுக்கு எஞ்சின் அணையாது. பெரும்பாலானவற்றில் சில விநாடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும், அல்லது அடுத்தடுத்துச் சில முறை அழுத்த வேண்டும். உங்கள் காரின் கையேட்டில் இது எழுதப்பட்டிருக்கும். எது நடந்தாலும், குனிந்து கையால் பெடலை இழுக்க முயல வேண்டாம்.

இனி முதல் கேள்விக்கு வருவோம். இரண்டு மெக்கானிக்குகளும், சிக்கும் இடம் எது என்று பார்க்காமலே மருந்து கொடுத்திருக்கிறார்கள் என்பதே என் கணிப்பு. உங்கள் காரில் பெடல், கேபிள், த்ராட்டில் வால்வு ஆகிய மூன்றும் ஒரே கோர்வையாக இணைந்திருக்கின்றன. ஒன்று சிக்கினாலும் மூன்றும் சிக்கியதுபோலவே காலுக்குத் தெரியும். ஆகவே கழற்றிப் பிரித்துப் பார்க்காமல் எதையும் மாற்றுவதில் பயனில்லை. அதிர்ஷ்டம் இருந்தால் சரியான பாகம் மாறும், இல்லாவிட்டால் பழைய கோளாறோடு புதிய த்ராட்டில் பாடி வந்து சேரும்.

உங்கள் கடிதத்திலேயே சில தடயங்கள் இருக்கின்றன. பெடலைத் தட்டினால் எஞ்சின் உடனே அடங்குகிறது என்பது முக்கியமான செய்தி. வெற்றிடக் குழாய் கிழிந்து காற்று கசிந்தாலோ, ஐடிலிங்கை, அதாவது பெடலில் கால் வைக்காதபோது எஞ்சின் சுழலும் வேகத்தை, கட்டுப்படுத்தும் வால்வு திறந்தபடி நின்றாலோ எஞ்சின் வேகம் இறங்காமல் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கோளாறுகளுக்கும் உங்கள் கால் பெடலைத் தட்டுவதற்கும் தொடர்பே இருக்காது. அவற்றில் பெடல் ஒழுங்காக மேலே வந்துவிடும், எஞ்சின் மட்டும் தன் போக்கில் சுழலும். ஆகவே உங்களுடையது இயந்திரப் பாகங்கள் ஒன்றோடொன்று உரசிச் சிக்குவதால் வருவதாகவே தெரிகிறது. நீங்கள் எழுத மறந்த ஒன்றும் இருக்கிறது: வேகம் குறையாமல் போனபோது பெடல் கீழேயே நின்றதா, அல்லது பெடல் மேலே வந்துவிட்டு, தொட்டால் தளர்வாக ஆடியதா? கீழேயே நின்றால் குறை பெடலிலோ, தரையில் விரித்த கால்மிதியிலோ கேபிளிலோ இருக்கலாம், த்ராட்டிலில் இருக்கவும் வாய்ப்பு உண்டு. மேலே வந்து தளர்ந்து ஆடினால் பெடலையும் கால்மிதியையும் விட்டுவிடலாம். த்ராட்டில் வால்வோ அதை ஒட்டிய கேபிள் முனையோதான் குற்றவாளி.

இரண்டாவது தடயம், முந்திச் செல்லும்போது மட்டும் சிக்குவது. முந்தும்போது நாம் பெடலை வழக்கத்தைவிட ஆழமாக அழுத்துகிறோம். பெடலின் பயணத்தில் எந்தப் பகுதியில் பிடிக்கிறது என்பது காரணத்தைப் பாதி சொல்லிவிடும். காலை வைத்த தொடக்கத்திலேயே பெடல் ஒட்டிக்கொண்டு, கொஞ்சம் பலம் கொடுத்தவுடன் வெடுக்கென்று இறங்கி வண்டி குதித்தால், த்ராட்டில் வால்வின் விளிம்பில் கார்பன் படிந்திருக்கிறது என்று பொருள். ஆழத்தில் மட்டும் பிடித்தால், இழை பிரிந்த கேபிள், மடிந்து எழும்பிய கால்மிதி, எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் உடைந்திருப்பது ஆகிய மூன்றையும் சந்தேகிக்க வேண்டும். நீங்கள் விவரிப்பது இந்த இரண்டாவது வகை. ஆகவே த்ராட்டில் பாடியை மாற்றச் சொன்னவரின் யோசனையை இப்போதைக்கு ஒதுக்கி வைக்கலாம்.

கால்மிதியிலிருந்து தொடங்குங்கள். இதைச் சொன்னால் பலர் சிரிக்கிறார்கள். அமெரிக்காவில் சான் டியேகோ அருகே 2009 ஆகஸ்டில் நால்வர் உயிரிழந்த, டொயோட்டாவின் லெக்சஸ் கார் விபத்தில், வேறொரு மாடலுக்கு உரிய தடித்த கால்மிதி பெடலைச் சிக்கவைத்ததே காரணம் என்று கண்டறியப்பட்டது. அதைத் தொடர்ந்து டொயோட்டா நிறுவனம் கால்மிதிக்காகவும், 2010 ஜனவரியில் பெடலே தேய்மானத்தால் மெதுவாகத் திரும்பும் குறைக்காகவும் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது. மின்னணுக் கோளாறுதான் காரணம் என்ற பேச்சு பலமாக எழுந்ததால் அமெரிக்க அரசு நாசா பொறியாளர்களைக் கொண்டு ஆராயச் செய்தது. 2011 பிப்ரவரியில் வெளியான முடிவு, ஆபத்தான அளவுக்கு வேகத்தைக் கூட்டக்கூடிய மின்னணுக் குறை எதையும் காணவில்லை என்றும், கண்டறியப்பட்ட காரணங்கள் கால்மிதியும் சிக்கும் பெடலும்தான் என்றும் தெரிவித்தது. உங்கள் காரில் பழைய கால்மிதியின் மேல் இன்னொன்றைப் போட்டிருந்தால் மேலே உள்ளதை எடுத்துவிடுங்கள். தரையில் உள்ள கொக்கியில் மிதி மாட்டப்பட்டிருக்கிறதா, கொக்கியே உடைந்து மிதி முன்னால் நகர்கிறதா என்று பாருங்கள். பெடலை அடிவரை கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அதன் கீழ் விளிம்புக்கும் மிதிக்கும் நடுவே விரல் நுழைகிறதா என்று தடவிப் பார்ப்பது நல்ல சோதனை. பெடலுக்குப் பின்னால் தரைவிரிப்பு எழும்பியிருந்தாலும், தண்ணீர் பாட்டில் மூடி போன்ற சிறு பொருள் உருண்டு போயிருந்தாலும் இதே தொல்லை வரும்.

அங்கே குறை இல்லை என்றால், எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டுப் பானட்டைத் திறக்க வேண்டும். கேபிள் வந்து சேரும் இடத்தில், த்ராட்டில் பாடியின் பக்கவாட்டில், அரைவட்ட வடிவில் ஒரு சிறு சக்கரம் இருக்கும். அதன் பள்ளத்தில் கேபிளின் கம்பி படிந்திருக்கும், நுனியில் ஈயக்குண்டு போன்ற முனை ஒன்று சக்கரத்தில் மாட்டியிருக்கும். சக்கரத்தைக் கையால் திருப்பிக் கேபிளைத் தளர்த்தி, அந்த முனையைக் கழற்றிவிடுங்கள். இப்போது கோர்வை இரண்டாகப் பிரிந்துவிட்டது. சக்கரத்தை மட்டும் மெல்ல முழுவதும் திருப்பிக் கையை விடுங்கள்: அது ‘டக்’கென்ற சத்தத்தோடு முழுவதும் மூட வேண்டும். பாதியில் தயங்கினாலோ, கடைசிச் சிறு தூரம் ஊர்ந்து மூடினாலோ குறை த்ராட்டிலில். அமெரிக்க வாகனப் பாதுகாப்பு விதி எண் 124 சாதாரணக் கார்களில் ஓட்டுநர் காலை எடுத்த ஒரு விநாடிக்குள் த்ராட்டில் ஐடிலிங் நிலைக்குத் திரும்ப வேண்டும் என்கிறது. அதற்கென்று குறைந்தது இரண்டு தனித்தனி விசைகள், அதாவது ஒன்று உடைந்தாலும் மற்றது வேலை செய்யும்படி இரண்டு ஸ்பிரிங்குகள், இருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. ஆரோக்கியமான த்ராட்டில் இதைவிட வேகமாகவே மூடிக்கொள்ளும். ஆகவே கண்ணுக்குத் தெரியும் எந்தத் தயக்கமும் குறைதான்.

சக்கரம் நன்றாக மூடுகிறது என்றால் கேபிள் பக்கம் வாருங்கள். உதவிக்கு ஒருவர் பெடலை மெல்ல மிதித்து விட, நீங்கள் கழற்றிய முனையை விரல்களால் இழுத்துப் பிடித்திருங்கள். நல்ல கேபிள் உறைக்குள் ஓடுவதே கைக்குத் தெரியாது. குறையுள்ள கேபிளில் மணலை அரைப்பதுபோன்ற நறநறப்போ, ஒரு குறிப்பிட்ட இடத்தில் கொக்கிபோல் பிடித்து விடுவதோ கைக்குத் தெளிவாகத் தெரியும். பிறகு பருத்தித் துணி ஒன்றை மடித்து, வெளியே தெரியும் கம்பி முழுவதையும் அதனால் பிடித்து உருவிப் பாருங்கள். வெறும் விரலால் செய்ய வேண்டாம், குத்திவிடும். எங்காவது துணியின் நூல் பிடித்தால் அங்கே ஒரு மெல்லிய இழை அறுந்து நிற்கிறது என்று பொருள். பெடலை ஆழமாக மிதிக்கும்போதுதான் அந்தப் பகுதி உறையின் வாய்க்கு வந்து சேரும். திரும்பும்போது அறுந்த இழை வாயில் மாட்டிக்கொள்ளும். தட்டினால் அது மடங்கி உள்ளே நழுவும். உங்கள் அனுபவத்தோடு இது அப்படியே பொருந்துவதால், என் முதல் சந்தேகம் இங்கேதான் விழுகிறது. பெடல் பக்கத்து முனையையும் விளக்கு அடித்துப் பார்க்க மறக்காதீர்கள். அங்கே குனிந்து பார்ப்பது சிரமம் என்பதால் மெக்கானிக்குகள் பெரும்பாலும் விட்டுவிடும் இடம் அது.

எண்ணெய் விட்டதும் சில நாள் சரியானதற்கும் காரணம் இதுவே. இந்தக் காலத்துக் கேபிள்களின் உறைக்குள் நைலான் போன்ற பிளாஸ்டிக் குழாய் இருக்கும். எண்ணெய் இல்லாமலே கம்பி வழுக்கிச் செல்வதற்காக வைத்தது. எண்ணெய் விட்டால் பழைய அழுக்கு இளகிக் கொஞ்ச நாள் வழுக்கும். பிறகு தூசியோடு சேர்ந்து களிம்பாகி முன்பைவிட இறுக்கும். அறுந்த இழையை எந்த எண்ணெயும் ஒட்டவைக்காது. ஆகவே கேபிளில் குறை என்று தெரிந்தால் உறையோடு சேர்த்து முழுக் கேபிளையும் மாற்றுவது ஒன்றே வழி. கூடுதலாக ஒரு ஸ்பிரிங்கை மாட்டி இழுத்துக் கட்டும் பழக்கம் சில பணிமனைகளில் இருக்கிறது, அதற்குச் சம்மதிக்காதீர்கள். குறை மறைந்திருக்குமே தவிரப் போகாது. கேபிளின் மேல் விழும் சுமையும் கூடும்.

‘நின்றிருக்கும்போது தெரியவில்லை, ஓடும்போது மட்டும் வருகிறது’ என்பது மெக்கானிக்குகள் அதிகம் அலட்சியப்படுத்தும் புகார். ஓடும் காரில் மட்டும் இருப்பவை இரண்டு: சூடும் எஞ்சினின் அசைவும். புகைபோக்கிக் குழாய்க்கு அருகே கேபிள் போகிறதென்றால், சூட்டில் பிளாஸ்டிக் உறை இளகிக் கம்பியைப் பிடிக்கும், ஆறியதும் விட்டுவிடும். இதைத் தெரிந்துகொள்ள, திறந்த இடத்தில் கைப்பிரேக் போட்டு, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு, ரேடியேட்டர் விசிறி ஓடத் தொடங்கிய பிறகு அணைத்து, சூடு ஆறுவதற்குள் மேலே சொன்ன இழுவைச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும், கையுறை அவசியம். எஞ்சின் அசைவு இன்னும் நுட்பமானது. கேபிளின் ஒரு முனை காரின் உடலோடும் மறுமுனை எஞ்சினோடும் இணைந்திருக்கிறது. எஞ்சினைத் தாங்கும் மவுண்டின் ரப்பர் கிழிந்திருந்தால், பலமாக முடுக்கும்போது எஞ்சின் தன் இருக்கையிலேயே சாய்ந்து கேபிளை இழுக்கும். நீங்கள் மிதிக்காமலே த்ராட்டில் இன்னும் கொஞ்சம் திறக்கும். பிரேக்கை மிதித்துக்கொண்டு கிளட்சைப் பாதி விட்டு எஞ்சின் எவ்வளவு சாய்கிறது என்று பார்ப்பது வழக்கமான சோதனைதான். ஆனால் ஆக்ஸிலரேட்டர் சிக்கும் காரில் அதை வீட்டில் செய்யவே கூடாது. முன்னால் யாராவது நின்றால் விபரீதமாகிவிடும். எஞ்சின் அணைந்திருக்கும்போது கடப்பாரைக் கம்பியால் நெம்பி மவுண்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

குறை த்ராட்டிலில்தான் என்று சோதனை காட்டினாலும், முழுப் பாகத்தை உடனே மாற்ற வேண்டியதில்லை. எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸிலிருந்து வரும் எண்ணெய் ஆவி, வால்வு மூடும் கோட்டில் கறுத்த பிசினாகப் படிந்திருக்கும். நகத்தால் தடவினால் ஒரு வரம்புபோலத் தட்டுப்படும். த்ராட்டில் பாடிக்கென்று விற்கும் கிளீனரைத் துணியில் தெளித்து, வால்வின் இரு பக்க விளிம்பையும் துடைத்தால் போதும். கார்புரேட்டர் கிளீனரை அடிப்பதும், கத்தியால் சுரண்டுவதும் கெடுதல், ஏனென்றால் சில த்ராட்டில் பாடிகளில் விளிம்பையொட்டி உற்பத்தியாளரே பூசிய மெல்லிய பூச்சு உண்டு. அதை அழுக்கென்று எண்ணிச் சுரண்டிவிட்டால் பிறகு ஐடிலிங் ஒருபோதும் சீராக நிற்காது. வால்வின் தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால், காற்றழுத்தத்தில் வால்வு ஒருபக்கம் சாய்ந்து சுவரில் உரசும். அப்போதுதான் த்ராட்டில் பாடியை மாற்றுவதில் நியாயம் இருக்கிறது.

இதே தொல்லையைப் புதிய கார்களில் சந்திப்பவர்களுக்கு மேலே சொன்னவற்றில் பாதி பொருந்தாது. அவற்றில் கேபிள் இல்லை. பெடலில் உள்ள சென்சார்கள் மிதியின் அளவைக் கம்ப்யூட்டருக்குச் சொல்ல, ஒரு சிறு மோட்டார் த்ராட்டிலைத் திறக்கிறது. பெடலில் ஒன்றுக்கு இரண்டாக சென்சார் வைத்திருப்பதால், இரண்டும் முரண்பட்டால் கம்ப்யூட்டர் எஞ்சின் சக்தியைக் குறைத்து எச்சரிக்கை விளக்கை எரியவிடும். ஸ்கேனரில் பி2138 என்ற பழுதுக் குறியீடு வந்தால் பெடல் சென்சார்களின் முரண்பாடு, பி2111 வந்தால் த்ராட்டில் திறந்த நிலையில் சிக்கியது என்று கொள்ளலாம். இந்த வகையில், இக்னிஷன் போட்டிருக்கும்போது வால்வில் விரலை வைக்கவே கூடாது. மோட்டார் விரலை நசுக்கிவிடும். விளக்கும் எரியாமல், கியர் மாற்றும்போது மட்டும் எஞ்சின் வேகம் ஒரு கணம் தாமதித்து இறங்கினால் அது பெரும்பாலும் குறையே அல்ல. புகையின் மாசைக் குறைக்கத் த்ராட்டிலை மெதுவாக மூடும்படி தயாரிப்பாளரே அமைத்தது. ஆனால் மின்னணுக் காரிலும் கால்மிதி கால்மிதிதான். முதலில் பார்க்க வேண்டிய இடம் மாறுவதில்லை.

பணிமனையில் காரை விடும்போது ‘ஆக்ஸிலரேட்டர் சிக்குகிறது’ என்று மட்டும் சொல்லாமல், எந்த வேகத்தில், எவ்வளவு ஆழம் மிதித்த பிறகு, எஞ்சின் எவ்வளவு நேரம் ஓடிச் சூடேறிய பிறகு வந்தது, பெடல் கீழே நின்றதா மேலே வந்ததா என்பதைத் தாளில் எழுதிக் கொடுங்கள். கேபிளை மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்கி, கம்பியை உருவிப் பாருங்கள். அறுந்த இழையோ தேய்ந்த உறையோ கண்ணில் படாவிட்டால் உண்மையான காரணம் இன்னும் காரிலேயே இருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். காரின் சேசிஸ் எண்ணைக் கொடுத்து, இந்தக் குறைக்காகத் தயாரிப்பாளர் உங்கள் மாடலைத் திரும்ப அழைத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். அப்படியானால் பழுதுபார்ப்புச் செலவு அவர்களுடையதாகவே இருக்கும்.

புதிய கேபிள் பொருத்திய பிறகு சில விஷயங்களை நீங்களே நின்று பார்க்க வேண்டும். பெடலைத் தொடாதபோது கேபிளில் சில மில்லிமீட்டர் தளர்வு இருக்க வேண்டும். அறவே இல்லாவிட்டால் த்ராட்டில் முழுவதும் மூடாது. பெடலை அடிவரை மிதித்தால் வால்வு முழுவதும் திறக்க வேண்டும். கேபிள் பழைய கிளிப்புகள் எல்லாவற்றிலும் மாட்டப்பட்டு, கூர்மையான மடிப்பில்லாமல், சூடான பாகங்களிலிருந்து விலகிப் போக வேண்டும். ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுவதும் திருப்பிப் பார்த்து, எந்த நிலையிலும் ஐடிலிங் மாறவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். த்ராட்டிலின் நிறுத்து திருகை, அதாவது வால்வு மூடும் எல்லையைத் தீர்மானிக்கும் திருகை, யாரும் தொடக் கூடாது. அது தொழிற்சாலையில் அளவிட்டுப் பூட்டியது. கடைசியாக, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு மெக்கானிக்கைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, போக்குவரத்து இல்லாத சாலையில், முந்தும்போது மிதிக்கும் அதே ஆழத்துக்கு மிதித்து விட்டுப் பாருங்கள். அந்த ஓட்டத்தில் ஒருமுறை தயங்கினாலும் காரை எடுத்துக்கொள்ளாமல் பணிமனையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.